அடைத்த அறையும் அகக் காற்றும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என நாம் இளமையிற் கற்றோம். இம்மூன்றுக்கும் முற்பட்டது காற்று. ஒருவர் ஒரு நாளில் உண்பது ஒன்றிரண்டு கிலோகிராம். பருகுவது இரண்டு மூன்று லீற்றர். உள்ளிழுக்கும் காற்றோ 10,000 லீற்றருக்கும் மேற்பட்டது. சோற்றிற் கல்லிருப்பின் பொறுக்கி எறிகின்றோம். நீரைக் காய்ச்சிக் குடிக்கின்றோம். வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த நான்கு சுவர்களுக்குள் கழிக்கின்றோமோ, அவற்றினுள் இருக்கும் காற்றைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

களனி கங்கைப் பாலத்தைக் கடந்து வடக்கே செல்வோர் பேலியகொடையை அணுகும்போது மூக்கைப் பொத்துவதுண்டு. புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையில் நடைபெற்ற மீன் மொத்த வியாபாரம் 2011 ஆம் ஆண்டிற் பேலியகொடைச் சந்தைக்கு மாற்றப்பட்டது. மீன் பெயர்ந்தது, அதனோடு வாடையும் பெயர்ந்தது. விசிறியாலும் சாம்பிராணிப் புகையாலும் ஆகாத காரியம், வாடைக்கு மூலமான பொருள் அகன்றதும் தானே ஆயிற்று. யாம் கூறப் புகுந்த கருத்தும் இதுவே.

ஜேர்மனி தேசத்து மியூனிக் நகரில் வாழ்ந்த சுகாதார அறிஞர் மாக்ஸ் வொன் பெற்றன்கோபர் 1858 ஆம் ஆண்டில் வீடுகளின் காற்றோட்டம் பற்றி ஆராய்ந்து நூல் வெளியிட்டார். மூச்சுக்காற்றில் வெளிவரும் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 1,000 பங்கை மீறாதிருத்தல் நன்று என்னும் அளவுகோலை வகுத்தவர் அவரே. அறையில் எருக்குவியல் கிடந்தால் காற்றோட்டத்தால் நாற்றத்தைப் போக்க முயலாதீர், குவியலையே அகற்றுவீர் என்பதும் அவர் போதனை.

எம் வீடுகளில் எருக்குவியல் எங்கே உளது என அன்பர்கள் வினவலாம். அது கண்ணுக்குத் தெரியாத குவியல். புதிதாகக் கட்டிய அறையினுள் நுழைந்ததும் கண் கரிப்பதையும் தொண்டை காறுவதையும் நாம் அனைவரும் அனுபவித்திருக்கின்றோம். அதனைப் ‘புதுவீட்டு மணம்’ எனப் பெருமையோடு பேசுவாரும் உளர். ஒட்டுப்பலகை, மரத்தூட்பலகை ஆகியவற்றைப் பிணைக்கும் பசையிலிருந்து போமல்டிகைட்டு என்னும் வாயு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கசிகின்றது. எனாமல் பூச்சு, வாணிசு, தரைவிரிப்பை ஒட்டும் பசை என்பன வேறு ஆவிகளை உமிழ்கின்றன. போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் முடிவு செய்தது. அரைமணி நேரச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வரையறுத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் இக்கசிவும் மிகும். கொழும்பின் காலநிலையோ இரண்டையும் ஆண்டு முழுவதும் தருகின்றது.

வெளிக்காற்றை மிகுதியாக உள்ளே செலுத்தினாற் போதாதோ எனின், அங்கேதான் செலவு தொடங்குகின்றது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேனாட்டார் எரிபொருளைச் சேமிக்கக் கருதிக் கட்டடங்களை இறுக அடைத்தனர். அமெரிக்கக் குளிரூட்டற் பொறியியலாளர் சங்கத்தின் 1981 ஆம் ஆண்டு நியமம், புகைபிடிக்காத அலுவலகங்களில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்றே போதும் என்றது. தலைவலி, சோர்வு, கண்ணெரிவு பற்றிய முறைப்பாடுகள் பெருகின. 1989 இல் அவ்வளவு 20 கன அடியாக உயர்த்தப்பட்டது. சிக்கனம் என்று தொடங்கியது நோயில் முடிந்தது.

எமது நாட்டில் இச்செலவு வேறொரு வடிவம் கொள்கின்றது. 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனுமுள்ள வெளிக்காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி உண்டு. அறையை 25 பாகையிலும் 55 சதவீதத்திலும் வைப்பதற்கு அதில் சுமார் 10 கிராமை நீராக்கி வடிக்க வேண்டும். குளிரூட்டும் பொறியின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு இந்த நீரை வடிப்பதிலேயே கழிகின்றது. செக்கனுக்கு ஒரு லீற்றர் வெளிக்காற்றுக்குச் சுமார் 30 உவாற்றுக் குளிர்வலு தேவைப்படும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 100 சதுர மீற்றர் மண்டபத்திற் பத்துப் பேர் இருக்கின்றனர். 2007 ஆம் ஆண்டின் ஐரோப்பிய நியமம் நடுத்தர நிலைக்கு ஆளொருவருக்குச் செக்கனுக்கு 7 லீற்றர் விதித்தது. அத்துடன் கட்டடம் உமிழும் ஆவிகளுக்காகச் சதுர மீற்றருக்கு இன்னொரு அளவும் விதித்தது: கசிவு மிகக் குறைந்த பொருள்களாற் கட்டியதாயின் 0.35 லீற்றர், அவ்வாறு தேர்ந்து கட்டாததாயின் 1.4 லீற்றர். முதலாவது மண்டபத்துக்கு 70 உடன் 35 சேர்த்து 105 லீற்றர். இரண்டாவதற்கு 70 உடன் 140 சேர்த்து 210 லீற்றர், அதாவது சரியாக இரு மடங்கு. வேறுபாடான 105 லீற்றரைக் கொழும்பிற் குளிரூட்ட 3,000 உவாற்றுக்கு மேற்பட்ட குளிர்வலு வேண்டும். அது வீட்டுக் குளிரூட்டி ஒன்றின் முழு உழைப்பு. இரண்டாவது மண்டபத்தினர் ஒரு பொறியை மக்களுக்காக அன்று, பலகைக்கும் பசைக்குமாக ஓட்டுகின்றனர்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் நிலவும் மயக்கம் ஒன்றையும் இங்கு நீக்குவோம். சுவரில் மாட்டும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. அறைக்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கின்றது. சாளரங்களை அடைத்து, பிள்ளைகள் நால்வரை இரவெல்லாம் உள்ளே உறங்கவிட்டு, நுளம்புச்சுருளும் கொளுத்தி வைத்தால், குளிர் இருக்கும். நல்ல காற்று இராது.

எம் முன்னோரின் நாற்சார் வீட்டிற் சுண்ணாம்புச் சாந்து, சுட்ட ஓடு, முழுமரம், நடுமுற்றம் இருந்தன. கசியும் பசையில்லை, முற்றத்தின் வழியே காற்று இடையறாது உலாவியது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, ஏனா த சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்திற் கொழும்பிற் கட்டிய வீட்டில் அந்த முற்றத்தை நகர வாழ்வுக்கு மீட்டுத் தந்தார். எனினும் பழமை முழுவதையும் இன்று மீட்பது இயலாது. பேலியகொடை போன்ற நெடுஞ்சாலையோரங்களில் வெளிக்காற்றிலும் புகையும் தூசியும் உண்டு. அங்கே சாளரங்களை வீதிக்கு எதிர்ப்புறம் அமைத்தல் வேண்டும்.

ஆதலின் வரிசை தவறாதிருப்போமாக. முதலிற் கசிவு குறைந்த பொருளைத் தேர்தல், அடுத்து, பூச்சும் பசையும் உலர்ந்து மணம் அடங்கும்வரை சில வாரங்கள் திறந்துவிட்டுப் பின் குடிபுகுதல், அதன்பின் அளவான காற்றோட்டம், இறுதியிலேயே குளிரூட்டி. கல்லூரிக்கு வகுப்பறை கட்ட நிதி திரட்டும் பழைய மாணவர்கள் நிறத்தையும் விலையையும் வினவுவதோடு, ‘இது எதனை உமிழும்?’ என்றும் வினவுவார்களாக. அவ்வறையில் ஆண்டுக்கணக்காக மூச்சுவிடப் போகும் சிறுவர்களுக்கு அக்கேள்வியைக் கேட்கத் தெரியாது. அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே.