பழைய ஊர்வீட்டின் மாடிப்படியை மாற்றுதல்

பழைய ஊர்வீட்டின் மாடிப்படியை மாற்றுதல் என்பது, ஏறி இறங்கப் பாதுகாப்பற்ற பழைய படிக்கட்டை அகற்றி, முறையான அளவுகளில் புதிய படிக்கட்டு அமைக்கும் பணியாகும். மதுரையைச் சுற்றியுள்ள ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம் போன்ற ஊர்களில் பல குடும்பங்களின் பூர்வீக வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. பொங்கல், சித்திரைத் திருவிழா, கோடை விடுமுறை ஆகிய நாட்களில் மட்டும் உறவினர் கூடுகின்றனர். அப்போது அந்தப் படியில் பழக்கமில்லாத குழந்தைகளும் முதியோரும் இரவிலும் அதைப் பயன்படுத்த வேண்டியுள்ளது. ஆகவே இத்தகைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது சுவர்ப்பூச்சுக்கும் தரைக்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியது மாடிப்படியே.

தேவை

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கின்றனர். தற்செயல் காயங்களால் ஏற்படும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். மாடிப்படி இவ்விபத்துகள் நிகழும் இடங்களில் ஒன்று.

பழைய படிகளின் குறைகள்

பழைய மச்சு வீடுகளில் படிக்கட்டு பெரும்பாலும் இரு சுவர்களுக்கிடையே, குறைந்த இடத்தில், ஏணி போலச் செங்குத்தாக அமைந்திருக்கும். பொதுவாகக் காணப்படும் குறைகள்:

1. படியின் உயரம் அதிகமாகவும் மிதிக்கும் அகலம் குறைவாகவும் இருத்தல். இறங்கும்போது குதிகால் மட்டுமே பதியும்.
2. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுபடுதல். முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் ஓர் அளவுக்குப் பழகிவிடுகிறது. பிறகு ஒரு படி சற்றே மாறினாலும் தடுக்கும்.
3. கைப்பிடி இல்லாமை, போதிய வெளிச்சமின்மை, தலை இடிக்கும் உத்திரம்.
4. மரப்படியில் கரையான் அரிப்பு. மேற்பரப்பு நன்றாகத் தோன்றினாலும் உள்ளே கூடாக இருக்கலாம். சுவருக்குள் புதைந்த மரமுனைகளைத் தட்டிப் பார்த்தும், கூர்மையான ஊசியால் குத்திப் பார்த்தும் அறியலாம்.
5. கான்கிரீட் படியின் அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்தல். மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் துரு நிற்காது.

நான்காவதும் ஐந்தாவதும் கண்டறியப்பட்டால், மாற்றும் வரை அப்படியைப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது.

சரியான அளவுகள்

2016 ஆம் ஆண்டின் இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், மிதி அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இது ஏறத்தாழ ஏழரை அங்குல உயரம், பத்து அங்குல அகலம். கைப்பிடி, மிதியிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும்.

உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள பொருத்தத்தைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் 17 ஆம் நூற்றாண்டில் ஒரு வாய்பாடாகக் கூறினார். இரண்டு படி உயரத்தையும் ஒரு மிதி அகலத்தையும் கூட்டினால், இயல்பாக நடப்பவரின் ஓரடி எட்டுக்குச் சமமாக வரவேண்டும் என்பது அதன் கருத்து. இன்று 60 முதல் 65 சென்டிமீட்டர் வரை, அதாவது சுமார் 24 முதல் 25 அங்குலம், பொருத்தமாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு கணக்கு

தரையிலிருந்து மாடித்தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம் எனக் கொள்வோம். பழைய படியில் 10 அங்குல உயரத்தில் 12 ஏற்றங்களும், ஆறரை அங்குல அகலத்தில் 11 மிதிகளும் இருந்தால், அது சுமார் 6 அடி நீளத்தில் முடிந்துவிடும்.

புதிய படிக்கு 120 ஐ ஏழரையால் வகுக்க 16 ஏற்றங்கள் வரும். கடைசி ஏற்றம் மாடித்தரையிலேயே முடிவதால் மிதிகள் 15. பத்து அங்குலம் வீதம் 150 அங்குலம், அதாவது 12½ அடி நீளம் தேவை. வாய்பாட்டின்படி 7½ + 7½ + 10 = 25. எனவே பொருத்தமானது.

பழைய படி இருந்த இடத்தில் புதிய படி அடங்காது என்பது இதிலிருந்து விளங்கும். இடம் குறைவாக இருந்தால் நடுவில் தங்குமேடை வைத்து மடக்குப் படியாக அமைக்கலாம். எட்டு எட்டு ஏற்றங்களாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 7 மிதிகள், 70 அங்குலம். மேடைக்கு 3 அடி சேர்த்தால் நீளம் 9 அடிக்குள் அடங்கும். மூன்றடி அகலப் படிகள் இரண்டு அருகருகே வருவதால் அகலம் ஆறரை அடி வேண்டும். படி கீழ் வரும் இடங்களில் தலை இடிக்காத உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

உயரத்தை அளக்கும்போது முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைவரை அளப்பது அவசியம். படி கட்டிய பிறகு கீழ்த்தளத்தில் இரண்டு அங்குலக் கனத்தில் டைல்ஸ் பதித்தால் முதல் படி மட்டும் இரண்டு அங்குலம் குறைந்துவிடும். பல வீடுகளில் தடுக்கி விழக் காரணம் இதுவே.

தளத்தைத் திறத்தல்

படி நீளும்போது மாடித்தளத்தில் உள்ள திறப்பையும் பெரிதாக்க நேரும். இப்பணியில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் கட்டம் இது. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய தளத்தில் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் குத்துவாக்கில் அடுக்கியிருப்பர். ஓர் உத்திரத்தை அறுத்தால், அது தாங்கிய சுமையை ஏற்கக் குறுக்கே வேறு உத்திரம் வைத்து இருபுறமும் தாங்கச் செய்ய வேண்டும். கான்கிரீட் தளத்தில் கம்பியை வெட்டினால், திறப்பின் ஓரங்களில் துணை உத்திரங்கள் தேவைப்படலாம். எதுவாயினும் முதலில் கீழிருந்து முட்டுக் கொடுத்த பின்பே வெட்ட வேண்டும். இதைக் கொத்தனாரின் அனுபவத்துக்கு மட்டும் விடாமல், கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் பெற வேண்டும்.

தளத்தைத் தொட இயலாத வீடுகளில் வெளிப்புறமாகப் படி அமைப்பது எளிய மாற்று. சுருள் இரும்புப்படி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதன் உட்பக்க மிதி குறுகியது. நோயுற்றவரைத் தூக்கி இறக்குவதும் கடினம்.

கான்கிரீட் படி கட்டும்போது

சாய்தளம் மேல் மேடையைச் சேருமிடத்தில் அடிக்கம்பியை அந்த மூலையோடு ஒட்டி வளைக்கக் கூடாது. சுமை வரும்போது கம்பி நிமிர முயன்று காரையைக் கீழ்நோக்கிப் பெயர்த்துவிடும். சாய்தளக் கம்பியையும் மேடைக் கம்பியையும் ஒன்றையொன்று கடந்து செல்லுமாறு தனித்தனியே நீட்டிக் கட்டுவதே முறை.

ஐ.எஸ். 456 தரநிலையின்படி, நாலரை மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாட்களும், அதற்கு மேல் 14 நாட்களும் இருக்க வேண்டும். வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் குறைந்தது 10 நாட்கள் நீராற்ற வேண்டும் என்றும் அது கூறுகிறது. மதுரைக் கோடைக்கு இது பொருந்தும். நனைத்த சாக்குகளைப் படிகளின் மேல் விரித்தால் ஈரம் நிற்கும்.

மேற்பரப்பும் வெளிச்சமும்

மேலூர் வட்டாரம் கிரானைட் கற்களுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் மெருகேற்றிய கிரானைட் ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பான கல்லையோ, விளிம்பில் கோடுகள் வெட்டிய கல்லையோ பதிக்கலாம். ஒவ்வொரு படியின் விளிம்பும் வேறு நிறத்தில் இருந்தால் பார்வை மங்கியோருக்கு உதவும். கீழும் மேலும் இயக்கக்கூடிய இருவழி சுவிட்ச் அவசியம். கைப்பிடி முதல் படி முதல் கடைசிப் படி வரை இடைவெளியின்றிச் செல்ல வேண்டும். கம்பிகளுக்கிடையே குழந்தையின் தலை நுழையக் கூடாது.

மலைவாழிட வீடுகள்

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் 1845 இல் கொடைக்கானலில் முதல் கோடை இல்லங்களைக் கட்டினர். இத்தகைய மலை வீடுகளில் மரப்படிக்குக் கரையானை விட ஈரமே பெரிய பகை. மரத்தின் அடிமுனை தரையைத் தொடாமல் கல்பீடத்தின் மேல் நிற்குமாறு அமைத்தால் உளுத்துப்போவது குறையும்.

பணிக்காலப் பாதுகாப்பு

பழைய படியை அகற்றியதும் மாடித்தளத்தில் திறந்த பள்ளம் உண்டாகிறது. அன்றே அதைச் சுற்றித் தடுப்பு கட்ட வேண்டும். திருவிழாவுக்குள் முடிக்கும் அவசரத்தில் முட்டுகளை முன்கூட்டியே பிரிப்பதையும், கைப்பிடி பொருத்துமுன் மாடியைத் திறந்துவிடுவதையும் தவிர்த்தல் வேண்டும். பணி முடியாவிட்டால் அவ்வாண்டு மாடியைப் பூட்டி வைத்துக் கீழ்த்தளத்தில் மட்டும் தங்குவதே பாதுகாப்பானது.