பீரில் வேர் சேர்த்தால் மருந்தாகிவிடுமா?

சிரம்பான் – தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சார்சி பானத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தப் பெயர் சார்சாபரில்லா எனும் கொடியின் வேரிலிருந்து வந்தது. நம் நன்னாரிக்கும் ஆங்கிலத்தில் 'இந்தியச் சார்சாபரில்லா' என்றே பெயர். வேரைப் போட்டுப் பானத்துக்கு மணம் சேர்ப்பது அவ்வளவு பழைய வழக்கம்.

வீட்டில் பீர் தயாரிக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. இஞ்சி, அதிமதுரம் போன்றவற்றைச் சேர்க்கும் செய்முறைகளும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. 'வேர் போட்டதுதானே, உடம்புக்கு நல்லது' எனும் எண்ணமும் அதோடு சேர்ந்து வருகிறது. அது சரிதானா?

வேர் என்ன செய்கிறது?

முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாற்றை ஈஸ்ட் புளிக்க வைப்பதால் பீர் கிடைக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இனிப்பு திகட்டாமலிருக்கக் கசப்பான ஹாப் பூ சேர்க்கப்படுகிறது. ஹாப் பரவுவதற்கு முன் ஐரோப்பியர்கள் பல மூலிகைகளைச் சேர்த்தனர். 1516-ஆம் ஆண்டு பவேரியச் சட்டம்தான் பார்லி, ஹாப், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டும் அனுமதித்தது.

வேரின் மணம் அதன் எண்ணெய்ச் சத்தில் இருக்கிறது. அதிக நேரம் கொதித்தால் அது ஆவியோடு போய்விடும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுவதுபோல், வேரையும் கடைசியில்தான் சேர்ப்பார்கள். இஞ்சி காய்ந்து சுக்கானால் காரம் கூடும். நன்னாரியின் மணப்பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவு. மலாய்க்காரர்களின் தப்பாய் செய்யப் பயன்படும் ராகியிலும் லெங்குவாஸ் சேர்ப்பதுண்டு.

எல்லா வேரும் ஒன்றல்ல

கறுப்பு நிறப் பீர் வகைகளில் அதிமதுரம் சேர்ப்பது உண்டு. ஆனால் அதிமதுரத்தை அதிகமாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் கூடும். உடலில் பொட்டாசியம் குறையும். இரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'பிள்ளை வளர்ப்பான்' என்று நம்மவர்கள் அழைக்கும் வசம்பும் ஒரு காலத்தில் மேலை நாட்டு மதுவகைகளுக்கு மணம் தந்தது. மலாயில் இதற்கு ஜெராங்காவ் என்று பெயர். இதிலுள்ள பீட்டா அசரோன் எனும் பொருள் பற்றிய அச்சத்தால், 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பு எண்ணெய் கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் குடலில் கட்டிகள் தோன்றியதே காரணம். ரூட் பீருக்குப் பெயர் வாங்கித் தந்த சாசாஃப்ராஸ் வேரின் சாஃப்ரோல் எண்ணெயும் 1960-இல் அங்கே தடை செய்யப்பட்டது. இன்றைய ரூட் பீரில் அந்த எண்ணெய் இல்லை.

விஷத்தை வேர் எடுக்காது

தோட்ட மக்களுக்கு மது பழைய காயம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கள்ளுக்குப் பின் மலிவான சம்சு பல குடும்பங்களைச் சீரழித்தது.

புளிக்க வைக்கும் பீரில் மெத்தனால் மிகக் குறைவு. மெத்தனால் கலந்த போலி மதுவும், முறையின்றி வடித்த சாராயமும்தான் உயிரைப் பறிப்பவை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்டனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஆகியவை பல மணி நேரம் கழித்தே தெரியலாம். அப்போது தூங்கினால் சரியாகிவிடும் என்று விடாமல், உடனே 999-க்கு அழைக்க வேண்டும். மருத்துவமனையில் இதற்கு மாற்று மருந்து உண்டு.

எந்த வேரும் மெத்தனாலை நீக்காது. மாறாக, வேரின் வாசனை கெட்டுப்போன பானத்தின் நாற்றத்தை மறைத்துவிடும். எனவே, யார் வீட்டிலோ தயாரித்த 'மூலிகைச் சரக்கை' வாசனையை நம்பிக் குடிப்பது ஆபத்து.

சட்டமும் தெளிவாக உள்ளது. 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

வேரின் மணம் வேண்டுவோருக்கு மது தேவையில்லை. நன்னாரி வேரைக் கழுவி இடித்து, நடுவிலுள்ள கட்டையை நீக்கிவிட்டு, இரவு முழுவதும் கொதிநீரில் ஊறவிட வேண்டும். காலையில் வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சர்பத் தயார். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காமல், ஊறிய நீரை மட்டும் எலுமிச்சையுடன் அருந்தலாம்.