ஒரே அலை, மூன்று கரைகள்

சுனாமிக்குப் பிறகு கோடிகள் கொட்டப்பட்டன. ஆச்சேயில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இலங்கையில் மீண்டும் வெடித்தன. இடையில் இருக்கும் நிக்கோபார் எதைக் காட்டுகிறது?

இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை, கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கிறது. அங்கிருந்து இந்தோனேஷியாவின் சுமத்ராவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர்தான். தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அதைவிட மூன்று மடங்குக்கும் மேலான தூரம். 2004 டிசம்பர் 26 காலை கடலடியில் பூமி குலுங்கியபோது இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. அதே அலைதான் தெற்கே சுமத்ராவின் ஆச்சே மாகாணத்தைத் துடைத்தெடுத்தது. மேற்கே இலங்கையின் கிழக்குக் கரையை நொறுக்கியது.

மூன்று கரைகளில் இரண்டு, அலை வருவதற்கு முன்பே ரத்தம் பார்த்தவை. ஆச்சேயில் 1976 முதல் 'சுதந்திர ஆச்சே இயக்கம்' ஜகார்த்தாவுடன் போராடிக்கொண்டிருந்தது. இலங்கையில் விடுதலைப் புலிகளுக்கும் அரசுக்கும் இடையிலான 2002 போர் நிறுத்தம் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. நிக்கோபாரில் மட்டும் துப்பாக்கிச் சத்தம் இல்லை. மூன்று இடங்களுக்கும் நிவாரணப் பணம் பாய்ந்தது. விளைவுகள்தான் வெவ்வேறு.

வறுமையை ஒழித்தால் தீவிரவாதத்துக்கு ஆள் கிடைக்காது என்பது, அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு உலகத் தலைவர்கள் பலர் உச்சரித்த மந்திரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் 2003-இல் யிட்கா மாலெச்கோவாவுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வறுமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நேரடித் தொடர்பைக் காணவில்லை. இராக்கில் உள்ளூர் மக்களின் தேவையறிந்து செய்யப்பட்ட சிறு திட்டங்கள் வன்முறையைக் குறைத்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பிலிப்பைன்ஸிலோ நேர் எதிர்: உதவித் திட்டம் வரப்போகும் கிராமங்களில் மோதல் அதிகரித்தது. திட்டம் வெற்றி பெற்றால் தங்கள் செல்வாக்கு சரியும் என்று கிளர்ச்சியாளர்கள் பயந்ததே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆக, எவ்வளவு பணம் என்பதைவிட, அது யார் கையால், எந்த ஏற்பாட்டின் கீழ் வருகிறது என்பதே முக்கியமாகிறது. ஆச்சே இதற்கு நல்ல உதாரணம். அலைக்கு முன்பே ராணுவ நடவடிக்கையால் இயக்கம் தளர்ந்திருந்தது. பேச்சுவார்த்தைக்கான முயற்சியும் தொடங்கியிருந்தது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரியின் முயற்சியில் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவிகிதம் ஆச்சேக்கு; உள்ளூர்க் கட்சிகள் தொடங்க உரிமை; சிறையில் இருந்தவர்களுக்கு மன்னிப்பு; போராளிகளுக்கும் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நிலம் அல்லது வேலை. பதிலாக இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. 2006 டிசம்பரில் நடந்த தேர்தலில் முன்னாள் போராளி இர்வாண்டி யூசுஃப் ஆளுநரானார். சுனாமி வந்தபோது அவர் சிறையில் இருந்தவர்!

சுமார் 700 கோடி டாலர் உதவியும், புனரமைப்பு அமைப்பு கணக்கிட்ட 1,40,000 வீடுகளும் இந்த அரசியல் உடன்பாட்டின் மேல்தான் எழுந்தன. குறைகள் இல்லாமல் இல்லை. 3,000 போராளிகளுக்கென்று ஒதுக்கிய பணம் தளபதிகள் வழியாகப் போனது. உண்மையில் போராளிகள் அதைவிடப் பல மடங்கு என்பதால் பலருக்குச் சில்லறைதான் மிஞ்சியது. தளபதிகள் சிலர் காண்டிராக்டர்கள் ஆனார்கள். இர்வாண்டியே 2018-இல் லஞ்ச வழக்கில் கைதானார். ஆனாலும் பழைய போர் திரும்பவில்லை.

இலங்கையில் கதை வேறு. அங்கே 35,000 பேரைக் கடல் கொண்டுபோயிற்று. முகாம்களில் இருந்த சிறுவர்களைப் புலிகள் படையில் சேர்ப்பதாக 2005 ஜனவரியிலேயே யுனிசெஃப் குற்றம் சாட்டியது. தாய் தந்தையை இழந்த பிள்ளைகளைக் காப்பது நிவாரணத்தின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

உதவியை அரசும் புலிகளும் முஸ்லிம்களும் சேர்ந்து பங்கிட ஓர் ஏற்பாடு 2005 ஜூன் 24-இல் கையெழுத்தானது. கூட்டணியிலிருந்து ஜே.வி.பி. அதற்குள் வெளியேறிவிட்டது. கையெழுத்திடும் தரப்பாகத் தங்களைச் சேர்க்கவில்லை என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. 2006-இல் போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதம்தான் ஓய்ந்தது. யார் பங்கிடுவது என்ற கேள்வியிலேயே உதவி மூழ்கியது.

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே நிக்கோபார். அந்தமான் நிக்கோபாரில் 3,500 பேருக்கு மேல் மாண்டதாக அரசுக் கணக்கு; அதில் கச்சால் தீவின் இழப்பு மிக அதிகம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சில, இங்கேதான் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. குடியுரிமையும் வேலையும் கிடைத்தன. இவர்களைப் போன்றே மலையகத்தில் பிறந்து, 1977, 1983 கலவரங்களால் விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் போர் இழுத்துக்கொண்டது. தோட்டத்தை நடத்திய அரசுக் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை 2017-இல் முடிவு செய்தது வேறு விஷயம்.

நிக்கோபார் பழங்குடிகளுக்கு நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் 'துஹெத்' என்ற கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். அரசு நிவாரணமோ தனிக் குடும்பங்களின் பெயரில் வங்கிக் கணக்குக்குப் போனது. பகிர்ந்து உண்ட சமூகத்தில் பணத் தகராறும் குடிப்பழக்கமும் நுழைந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலில் வந்த இரும்புச் சட்டங்களில் வீடுகள் எழுந்தன. யாரும் ஆயுதம் தூக்கவில்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு வந்த உதவிகூட, கேட்காமல் கொடுத்தால், ஒரு சமூகத்தைப் பிளக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. சுனாமியால் இடம்பெயர்ந்த கிரேட் நிக்கோபார் மக்கள் தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப அனுமதி கேட்கிறார்கள். அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டு, அதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதலில் சம்மதம் சொன்ன பழங்குடி மன்றம், முழு விவரம் தெரிவிக்கப்படவில்லை என்று கூறி 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது.

நிக்கோபாரிகள் போராளிகளாகிவிடுவார்கள் என்று யாரும் அஞ்சவில்லை. அஞ்சவும் தேவையில்லை. ஆனால் அமைதியாக இருப்பவர்களிடம் கேட்காமலே முடிவெடுக்கலாம் என்று ஓர் அரசு நினைத்தால், துப்பாக்கி எடுத்தவர்களிடம் மட்டும்தான் பேசுவோம் என்று அது சொல்லாமல் சொல்வதாகிவிடும். ஆச்சேயில் அந்தப் பேச்சு உடன்பாட்டில் முடிவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளும் ஆயிரக்கணக்கான உயிர்களும் தேவைப்பட்டன.