வெயிலூர் – 14: மாடிக்கு வந்தவர்கள்

எங்கள் வீட்டு மாடி அறையின் தாழ்ப்பாள் சும்மா இழுத்தால் வராது. கதவை இடது தோளால் ஒரு முட்டு முட்டி, அதே மூச்சில் தாழ்ப்பாளைத் தூக்கி இழுக்கவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்ட வித்தை அது. 1994 பங்குனியில் அந்த அறைக்குக் குடிவந்தவருக்கு மட்டும் முடியவில்லை. அவருடைய நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டு இறுக்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கதவை முட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போதுகூடக் கை ஊன்றக் கூடாது. ஒருக்களித்து, காலை முதலில் தொங்கவிட்டு, மெதுவாக எழவேண்டும்.

"கதவைச் சாத்தாதீங்கண்ணே. சும்மா ஒருக்களிச்சு வைங்க. இங்க எவன் வரப்போறான்?" என்றார் அம்மா. குடிவந்தவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா கையால் கதவைக் காட்டியதில் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து ஐந்து வாரம் எங்கள் வீட்டு மாடிக் கதவு சாத்தப்படவே இல்லை.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள். கடைசியாகச் சொன்னது பழங்கதை. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்தில் நான் வேறொன்றைச் சேர்ப்பேன்: உள்ளூர்க்காரன் இல்லாத தெரு. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். பலகைகளில் வங்காள எழுத்து. கடையில் கடுகெண்ணெய் டின். கூடையில் பர்வல் காய். ஆட்டோக்காரர் தமிழை மறந்துவிட்டு இந்தியில் பேரம் பேசுவார். மருந்துச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி நடப்பவர்களில் பாதிப் பேர் ஹவுராவில் ரயிலேறி ஒரு நாளைக்கு மேல் பயணம் செய்து காட்பாடியில் இறங்கியவர்கள். அசாம், திரிபுராக்காரர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்பதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். 1949-ல் ஜேக்கப் சாண்டி இங்கே நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1971-ல் சிறுநீரக மாற்று, 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்று. பேர் பரவப் பரவ ரயிலும் நிறைந்தது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி கதையில் யாரும் எழுதாத ஒரு பக்கம் உண்டு. ஆஸ்பத்திரி பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிவிடும். கட்டில் அடுத்தவருக்கு வேண்டும். அதே சீட்டில் "மூன்று நாள் கழித்து வரவும்" என்றும் எழுதியிருக்கும். 1,700 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வீடு இருப்பவன் மூன்று நாளில் எங்கே போய் எங்கே வருவது? ஆஸ்பத்திரி கேட்டுக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவில் அவனுக்கு ஓர் அறை வேண்டும், ஸ்டவ் வேண்டும், குக்கர், பாய், வாளி வேண்டும். அதையெல்லாம் யாரும் திட்டம் போட்டு ஏற்படுத்தவில்லை. எங்கள் தோட்டப்பாளையத்துக் குடும்பங்கள் மாடியைக் காலி செய்து வாடகைக்கு விட்டதில் தானாக உண்டானது. தர்மம் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் நாளுக்கு 40 ரூபாய், ஸ்டவ்வும் பாத்திரமும் சேர்த்து 50. கூட்டம் அதிகமான மாதங்களில் அம்மா ஐந்து ரூபாய் ஏற்றியதும் உண்டு. காட்பாடி பிளாட்பாரத்திலேயே நோயாளியை மடக்கி, இல்லாத கட்டணமெல்லாம் கறந்த தரகர்களும் இருந்தார்கள்.

நம் ஆளுக்கு வருவோம். வங்காளத்தில் பாங்குரா மாவட்டம், வயது நாற்பதுக்குள். மிட்டாய்க் கடையில் பாலைத் திரித்துச் சானா பிசைகிற வேலை. சின்ன வயதில் தொண்டைப் புண், அதற்குப் பின்னால் மூட்டு வலிக் காய்ச்சல். கவனிக்காமல் விட்டால் அந்தக் காய்ச்சல் இதய வால்வைத் தழும்பாக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியவந்தபோது இரண்டு மாடி ஏற முடியாத நிலை. பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். கூட வந்த தம்பி எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்தான். லீவு முடிந்தது, கையிலிருந்த பணமும் முடிந்தது. அண்ணனுக்கு அரிசி, உருளைக்கிழங்கு, ஒரு புட்டி கடுகெண்ணெய் வாங்கி வைத்துவிட்டு, என் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரயிலேறினான்.

வங்காளத்தில் அண்ணனைத் 'தாதா' என்பார்கள். தம்பி அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு நாங்களும் பிடித்துக்கொண்டோம். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. குளிர்ந்த பாலைக்கூட ஊதி ஊதிக் குடிக்கிற அந்த ஒல்லி மனிதரைத் தெருப் பையன்கள் "டேய், தாதா வர்றாருடா" என்று பயபக்தியோடு பார்த்தார்கள். மொழி எங்களை இப்படிப் பலமுறை காலை வாரியிருக்கிறது. வலிக்கு அவர்கள் சொல் 'பேத்தா'. மாடியை வாடகைக்கு விட்ட முதல் வருஷம் ஒரு கிழவி "பேத்தா, பேத்தா" என்று முனக, பேதியாக்கும் என்று நினைத்து என் பாட்டி மாதுளந்தோல் கஷாயம் வைத்துக் கொடுத்த கதை இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

தாதாவுக்கு என் உதவி வாளியில் தொடங்கியது. மாடியில் குழாய் கிடையாது. நிறைந்த வாளி பதினைந்து கிலோ. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன் இரண்டு வாளி ஏற்றவேண்டும், ஒவ்வொன்றுக்கும் பதினேழு படி. தளும்பியது போக முக்கால் வாளி மேலே சேரும். அவர் கதவருகில் நின்று, கையை நீட்டாமல், நான் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் தானே தூக்குவதுபோல் பல்லைக் கடிப்பார். பிறகு தன் மூச்சுப் பயிற்சிக் கருவியை எனக்குக் காட்டுவார். மூன்று குழாயில் மூன்று பந்து, உறிஞ்சினால் மேலே எழும்பும். நான் மூன்றையும் ஒரே இழுப்பில் தூக்கிவிடுவேன். அவருக்கு இரண்டாவது பந்து பாதியில் ஆடி நிற்கும். இருமல் வந்தால் போதும், தலையணையை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்.

நடக்கச் சொல்லியிருந்தார்கள். வெயில் எங்கள் ஊரில் பங்குனியிலேயே சித்திரையாகிவிடும். அதனால் விடியற்காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுவார். முதல் நாள் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடிச் சுவரில் ஒரு புளியங்கொட்டை.

ஊருக்கு அனுப்பாமல் அவரை இங்கே பிடித்து வைத்திருந்தது தையலோ எலும்போ அல்ல, ஒரு சின்ன மாத்திரை. உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டாமலிருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம் சாப்பிடவேண்டும். யாருக்கு எவ்வளவு என்பது முன்கூட்டித் தெரியாது. ரத்தம் எடுத்து, ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்த்து, கூட்டிக் குறைத்துத்தான் பிடிக்கவேண்டும். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் பல் தேய்க்கும்போதே ரத்தம் வரும். இன்றைக்கு மாற்றிய அளவின் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். ஏற்கெனவே உடம்பிலிருக்கிற உறைபொருள் தீரவேண்டுமே. முதல் வாரம் 1.8. அளவைக் கூட்டினார்கள். அடுத்த முறை 4.1. குறைத்தார்கள். மறுபடி 2. அம்மா இதைப் பால் கணக்குபோலக் காலண்டரில் குறித்து வந்தார். கடைசியில் காரணம் எங்கள் வீட்டிலேயே அகப்பட்டது. பாவம் தனியாள் என்று அம்மா சில நாள் முருங்கைக்கீரைப் பொரியலை ஒரு கிண்ணம் நிறைய மாடிக்கு அனுப்புவார், சில நாள் மறந்துவிடுவார். கீரையிலிருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு நேர் எதிரி. கீரை சாப்பிடலாம், ஆனால் தினமும் ஒரே அளவில் சாப்பிடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்கு வங்காள மொழியில் புரிந்தது, அம்மாவுக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை. "நான் நல்லது பண்றேன்னு நினைச்சு ரெண்டு வாரம் அவரை இங்கயே உக்கார வச்சிட்டனே" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை இரவு ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத். பதினொரு மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் அந்த நேரத்தில்தான் காந்தி ரோட்டில் வரிசை நிற்கும். கண்ணாடிக் கதவின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், அவரால் தள்ள முடியாது. அதனால் நான் கூடப் போவேன், அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். அந்தப் பக்கம் அரிசி மில்காரர் வீட்டு போனைச் சுற்றி மனைவி, அம்மா, இரண்டு பெண்கள். இவர் குரலை ஒரு படி மேலே ஏற்றிக்கொண்டு சொல்வார்: "பாலோ ஆச்சி. கூப் பாலோ ஆச்சி." நன்றாக இருக்கிறேன், ரொம்ப நன்றாக இருக்கிறேன். கண் மீட்டரின் சிவப்பு எண்களிலேயே இருக்கும். முதல் சனிக்கிழமை அவர் அதைச் சொன்னபோது மூன்று இரவாகத் தூங்கியிருக்கவில்லை. சுவர்க் கடிகாரம் தூங்கவிடவில்லை என்று காலையில் சைகை காட்டினார். மாடியில் கடிகாரமே கிடையாது. என்னை அருகில் வரச் சொல்லி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நிசப்தத்தில் அவர் மார்பிலிருந்து கேட்டது: டிக், டிக், டிக்.

அன்றைக்கு அம்மா கோதுமைக் கஞ்சி கொண்டுபோனபோது கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். விக்கியதில் நெஞ்செலும்பு வலித்தது, வலித்ததில் இன்னும் அழுதார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. "அழுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்து அவர் மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

வீட்டையும் மனிதர்களையும் விட்டு இப்படி வந்து கிடப்பது கொடுமை என்பார்கள். கொடுமைதான், அதில் பாதியை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். வீட்டில் நோயாளிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, சுற்றியிருப்பவர்களைத் தேற்றுகிற வேலை. அம்மா பயப்படுவாளே, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று முகத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். எங்கள் மாடியில் அவருக்கு அந்த வேலை இல்லை. நாங்கள் வாடகை வாங்குகிறவர்கள். எங்கள் முன்னால் அவர் அழலாம், முனகலாம், கஞ்சி பிடிக்கவில்லை என்று மூஞ்சியைச் சுளிக்கலாம். பாங்குராவுக்குப் பொய்யும் தோட்டப்பாளையத்துக்கு உண்மையும் போய்க்கொண்டிருந்தன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த அறை என் தம்பியின் பொறுப்பில் இருந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, கையில் கடைசி ரிவியூ சீட்டு, ரத்தான டிக்கெட். ஊரெங்கும் விடுதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் கிளம்பும்வரை தம்பி வாடகை வாங்கவில்லை. இதை இங்கே எழுதியதற்கு அவன் கோபித்துக்கொள்வான். 2022-ல் ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஆஸ்பத்திரியின் புது வளாகம் திறந்து சில துறைகள் அங்கே போனபின், மாடிகளும் அந்தப் பக்கம் முளைக்கத் தொடங்கிவிட்டன.

மறுபடி 1994-க்கு வருவோம். தாதாவுக்கு ஐந்தாவது வாரம் எண் 2.9-ல் நின்றது. அடுத்த முறையும் 2.9. சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவருடைய தம்பி அழைத்துப்போக வந்தான். ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் தாதா எங்களுக்கு ரசகுல்லா செய்து தருவதாகப் பிடிவாதம் பிடித்தார். ஆனால் சானா பிசைவது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தள்ளுகிற வேலை. இருபது வருஷம் அவர் செய்த ஒரே வேலை, அந்த நெஞ்சால் இன்னும் செய்யக் கூடாத வேலை. ஆகவே அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்ல, அம்மா பிசைந்தார். "ஆரோ, ஆரோ" என்பார் தாதா, இன்னும் இன்னும் என்று. அம்மாவுக்கு உலையில் அரிசி. போதும் என்று உருட்டிப் பாகில் போட்டுவிட்டார்.

பத்தில் நான்கு பாகிலேயே உதிர்ந்தன. மிச்சம் ஆறும் கோலிக்குண்டு. அம்மா கிண்ணத்தை நீட்டியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாதா ஒன்றை எடுத்துக் கடித்தார், மென்றார், சிரமப்பட்டு விழுங்கினார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். பிறகு குரலை ஒரு படி மேலே ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"பாலோ. கூப் பாலோ."

(தொடரும்)