கொல்லிமலையில் ஓர் இரவு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் எழுந்தருளியுள்ள அறப்பளீசுவரர் ஆலயம் தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் குடும்பத்தினர் பலர், தங்கும் செலவுக்கு அஞ்சி அன்று மாலையே இறங்கிவிட எண்ணுகின்றனர். இந்த அவசரத்தால் துன்புறுவோர் முதியவர்களே. ஆலயத்தின் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குச் செல்ல ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். திரும்பி ஏறுவது அதனினும் கடினம். பேருந்து நேரத்தை எண்ணி மூச்சிரைக்க ஏறுவது உடலுக்குத் தீங்கு.

செம்மேட்டில் எளிய தங்கும் விடுதிகள் உள்ளன. குடும்பமாக ஓர் அறையில் தங்கினால் செலவு குறையும். இரவுக் குளிருக்குப் போர்வை அவசியம். முதல்நாள் எட்டுக்கை அம்மனைத் தரிசித்து, மறுநாள் காலை ஐயாற்றில் நீராடி, அறுத்த மீனைப் பொருத்தியருளிய பெருமானை நிதானமாக வழிபடலாம். முழங்கால் வலியுள்ளோர் அருவியைத் தவிர்த்து ஆலயத்திலேயே அமர்ந்திருக்கலாம், புண்ணியம் குறையாது. ஆடிப்பெருக்கையொட்டிய வல்வில் ஓரி விழா நாட்களில் கூட்டம் மிகுதி. அறையை முன்னரே உறுதி செய்துகொள்க.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. இங்கு வரும் ஏழை அடியார் இரவில் தலைசாய்க்க வசதியுள்ளோர் ஒரு கூடம் அமைத்துத் தருவார்களாயின், அதுவும் சிவபூசையே.