இரு திசையிலும் ஓடும் மின்னோட்டம்: குவாண்டம் கணினிக்குள் இருக்கும் குட்டி வளையம்

2025ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. அணு போன்ற நுண்பொருள்களில் காணப்படும் குவாண்டம் விதிகள், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மின்சுற்றிலும் செயல்படும் என்பதை 1980களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லியில் அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த வழியில் வந்த ஒன்றுதான் ஃபிளக்ஸ் கியூபிட்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அது ஒரு குட்டி அலுமினிய வளையம். அகலம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

சாதாரணக் கம்பியில் மின்சாரம் ஓடினால் தடை உண்டு, கம்பி சூடாகும். அலுமினியத்தை மிகக் கடுமையாகக் குளிர வைத்தால் அந்தத் தடை அடியோடு மறைந்துவிடும். இதுவே மீக்கடத்தி நிலை. இந்தக் கியூபிட்டை வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியின் உள்வெப்பம் ஏறக்குறைய மைனஸ் 273.13 டிகிரி செல்சியஸ். விண்வெளியே அதைவிடச் சூடு!

வளையத்தின் மூன்று இடங்களில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் குறுக்கே நிற்கும். மின்சாரத்தைக் கடத்தாத இந்தப் படலத்தையும் எலெக்ட்ரான் ஜோடிகள் ஊடுருவிச் செல்லும் என்று 1962இல் கணித்துச் சொன்னவர் பிரையன் ஜோசப்சன். அப்போது அவர் 22 வயது மாணவர். அவர் பெயரால் இவற்றை ஜோசப்சன் சந்திகள் என்கிறார்கள்.

வளையத்தின் நடுவே ஒரு குறிப்பிட்ட அளவு காந்தப்புலத்தைச் செலுத்தினால், மின்னோட்டம் வலமாகச் சுற்றுவதற்கும் இடமாகச் சுற்றுவதற்கும் ஒரே அளவு ஆற்றல்தான் தேவைப்படும். அந்தச் சமநிலையில் மின்னோட்டம் இரண்டு திசைகளும் கலந்த நிலையில் இருக்கும். அளந்து பார்த்தால் மட்டும் ஏதாவது ஒரு திசை கிடைக்கும். லட்சக்கணக்கான எலெக்ட்ரான் ஜோடிகள் சேர்ந்து இப்படி நடந்துகொள்வதற்கான சான்றை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹான்ஸ் மோய் குழுவினர் 2000இல் வெளியிட்டார்கள். வலம் 0, இடம் 1 என்று வைத்துக்கொண்டால் அதுவே கணினியின் ஓர் இலக்கம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. துணி காயப்போடும் ஒரே கொடியில் சம நீளமுள்ள இரண்டு நூல்களில் கல் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றை ஆட்டிப் பாருங்கள். சற்று நேரத்தில் மற்றதும் ஆடத் தொடங்கும். நூல்களின் நீளம் நன்றாக வேறுபட்டால் அந்த ஆட்டம் அவ்வளவாகக் கைமாறாது. கியூபிட்டுகளும் அப்படித்தான். அதிர்வெண் ஒத்துப்போனால் பேசிக்கொள்ளும், விலகினால் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். கணக்குப் போட இரண்டும் வேண்டும்.

ஆனால் முதலில் வந்த வளையங்களில், சமநிலையில் உள்ள அதிர்வெண்ணைச் சந்திகளின் அளவே தீர்மானித்தது. தயாரிப்பில் சிறு பிசகு வந்தாலும் அதிர்வெண் பெரிதும் மாறிவிடும், பிறகு திருத்த முடியாது. காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து மாற்றலாம் என்றால் சமநிலை குலையும். அங்கே சிறு காந்த இரைச்சல் பட்டாலும் கலந்த நிலை கெட்டுப்போகும்.

இதற்கு டெல்ஃப்ட் குழுவினர் 2009இல் காட்டிய வழி எளிமையானது. மூன்று சந்திகளில் சிறியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சந்திகள் கொண்ட இன்னொரு சிறு வளையத்தை வைத்தார்கள். சிறு வளையத்தின் காந்தப்புலத்தை மாற்றினால் அதிர்வெண் மாறும். பெரிய வளையம் சமநிலையிலேயே இருக்கும். வானொலிப் பெட்டியில் ஒலியளவுக்கு ஒரு குமிழ், நிலையம் பிடிக்க இன்னொரு குமிழ் இருப்பதுபோல் இரண்டு வேலைகளும் பிரிந்துவிட்டன.

கனடாவில் தொடங்கிய டி-வேவ் நிறுவனமும் இப்படி மாற்றியமைக்கக்கூடிய ஃபிளக்ஸ் கியூபிட்டுகளையே பயன்படுத்துகிறது. 2020இல் வந்த அதன் அட்வான்டேஜ் கணினியில் 5,000க்கு மேற்பட்டவை உள்ளன. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக்கூடாது. பல வழிகளில் சிறந்ததைத் தேடும் ஒருவகைக் கணக்குக்காகவே அது கட்டப்பட்டது, எல்லா வேலைக்குமான குவாண்டம் கணினி அன்று. கூகுள், ஐபிஎம் நிறுவனங்கள் டிரான்ஸ்மான் என்ற வேறுவகை மீக்கடத்திக் கியூபிட்டின் பக்கம் போனதற்கு முக்கியக் காரணம், அது இரைச்சலை ஓரளவு தாங்கும் என்பதே.

புதிய குமிழுக்கும் ஒரு விலை உண்டு. சிறு வளையத்தின் வழியாகவும் காந்த இரைச்சல் உள்ளே வரும். உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்கூட அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த மேற்பரப்பைச் சுத்தமாக வைத்திருக்கும் வழிகளைத்தான் ஆய்வுக்கூடங்கள் இப்போது தேடி வருகின்றன.