திரையும் உடல்நலமும்

பொருநையும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரி, முக்கூடற்பள்ளு பாடிய உழவர் மண். உழைப்பால் உடல் உரம்பெற்ற அவ்வூர்களிலும் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட, திரையே வகுப்பறையாயிற்று. ஓடியாடும் நேரம் குறைந்தது. உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோருள் 39 கோடிக்கும் மேற்பட்டோர் 2022இல் மிகை எடையுடன் இருந்தனர் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வளரிளம் பருவத்தினர்க்குத் தேவை என்பதும் அதன் அறிவுரையாகும்.

உட்கார வைத்த திரையே எழுந்து நடக்கவும் தூண்டலாம். இந்திய அரசு 2021இல் வெளியிட்ட ‘ஃபிட் இந்தியா’ செயலி, நடக்கும் அடிகளைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. நேற்றைய தன் அளவை இன்று கடக்க முனைவதே ஊக்கம். பிறர் உடலை எள்ளுதல் ஊக்கமாகாது. உணவைத் துறந்து எடை குறைப்பது வளரும் உடலுக்குக் கேடு. வழிகாட்டுவது திரை, நடக்க வேண்டியவை கால்களே.